விலங்கை மாற்றுவதா, கொட்டிலை மாற்றுவதா?

கொட்டில்காரன்:

மாடு வளர்க்கிறவன் கேட்கும் கேள்வி இது. ஆய்வகத்து ஆட்கள், மருத்துவர்கள், நகரத்துக்காரர்கள் எல்லாரும் வந்து கருத்துச் சொல்லலாம்.

கறவை மாட்டுக் கன்று பிறந்த சில வாரங்களுக்குள் கொம்புக் குருத்தைச் சூட்டுக்கோலால் தீய்த்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிற வேலை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுச் செய்பவர்கள் உண்டு, போடாமலே செய்பவர்களும் ஏராளம். கொம்போடு விட்டால் நெருக்கமான கொட்டிலில் ஒன்றையொன்று குத்திக் கிழிக்கும், கறக்கிற ஆளையும் பதம் பார்க்கும்.

அமெரிக்காவில் ரீகாம்பினெட்டிக்ஸ் என்ற நிறுவனம் கொம்பே முளைக்காத ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் கன்றுகளை மரபணுத் திருத்தம் மூலம் உருவாக்கி 2016 இல் அறிவித்தது. கன்றுக்குச் சூடு இல்லை, அலறல் இல்லை. கேட்டதும் சந்தோஷம்தான். அப்புறம் ஒரு நெருடல். இடம் போதாமல் அடைத்து வைத்ததுதானே பாதிப் பிரச்சினை? அதைத் தொடாமல், அந்த இடத்துக்குள் அடங்குகிற மாதிரி மாட்டைத் திருத்திவிட்டோம். நாளைக்கு அதே கொட்டிலில் இன்னும் நாலு மாட்டை நெருக்கிக் கட்ட இது வசதியாகிவிடாதா?

நகரத்திலும் இதே போக்குதான். சாக்கடை அப்படியே கிடக்க, கொசுவின் மரபணுவில் கைவைக்கிறார்கள். எந்தத் திருத்தம் விலங்குக்குச் செய்யும் உதவி, எது நம்முடைய குறையை அதன் உடம்பில் ஏற்றிவைப்பது? இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

மரபணு மாணவி:

அண்ணா, கொம்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஆங்கஸ் போன்ற இனங்களுக்கு இயற்கையிலேயே கொம்பு கிடையாது. கொம்பில்லாத மாடுகளில் ஏற்கெனவே இருக்கிற மரபணு வடிவத்தைத்தான் ஹோல்ஸ்டீனில் வைத்தார்கள். பழைய முறையில் கலப்பினம் செய்தும் இதைக் கொண்டுவரலாம். ஆனால் பால் கறக்கும் குணம் கலைந்துபோய், அதைத் திரும்பப் பிடிக்கப் பல தலைமுறை ஆகும். அதுவரை பிறக்கிற கன்றுகள் எல்லாம் சூடு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விசாலமான மேய்ச்சல் நிலத்திலும் கொம்பு ஆளைக் குத்தத்தான் செய்யும். நெருக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தக் கதையின் அடுத்த பாகத்தையும் சொல்லியாக வேண்டும். திருத்தம் சுத்தமாக நடந்திருக்கிறது, வேண்டாத மாற்றம் எதுவும் இல்லை என்பதுதான் அப்போது நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2019 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அதே காளைகளின் மரபணுத் தரவை மறுபடி அலசினார்கள். திருத்தத்துக்குப் பயன்படுத்திய பாக்டீரியா பிளாஸ்மிட், அதாவது வட்டமான ஒரு சிறு டிஎன்ஏ, ஒரு காளையின் மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இருந்தது. ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் அதில் இருந்தன. இந்த மாடுகளைப் பிரேசிலுக்குக் கொண்டுபோகும் திட்டம் அத்தோடு நின்றது. மாட்டுக்கு இதனால் ஏதோ ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. விற்கப் போகிறவர் தேடாமல் விட்டது, வெளியாள் தேடியபோது கிடைத்தது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கடைசி பெஞ்ச்:

கொம்பு போய் பிளாஸ்மிட் வந்தது. நல்ல பண்டமாற்று.

கோழி டாக்டர்:

மரபணுத் திருத்தம் என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். திருத்தமே இல்லாமல் நாம் செய்து வைத்திருப்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்துக் கோழி வகைகளை ஒரே தீனி கொடுத்து, ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014 இல் வெளியானது. 56 நாளில் 1957 வகை சுமார் 905 கிராம். 2005 வகை சுமார் 4.2 கிலோ. யாரும் மரபணுவை வெட்டவில்லை, ஒட்டவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை வேகமாக வளர்வதைப் பொறுக்கி எடுத்ததுதான். நெஞ்சுக்கறி ஏறிக்கொண்டே போனது. காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

வெளியே அதிகம் தெரியாத இன்னொன்று, இந்தக் குஞ்சுகளைத் தரும் தாய்க்கோழிகளின் நிலை. அதே ரத்தம், அதே பசி. வயிறு நிறையத் தின்னவிட்டால் கொழுத்துப்போய் முட்டையிடும் திறன் குறையும், சீக்கிரம் செத்தும் போகும். ஆகவே வளரும் பருவத்தில் அவை தின்ன விரும்புவதில் பாதிகூடக் கொடுக்க மாட்டார்கள். பசியோடு வைத்தால்தான் ஆரோக்கியமாக இருக்கும் என்கிற ஒரு பறவையை உண்டாக்கி வைத்திருக்கிறோம்! இது வழக்கமான இனப்பெருக்கம் என்பதால் அனுமதி, விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

பெல்ஜியன் புளூ மாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மையோஸ்டேட்டின் மரபணு அந்த இனத்தில் தானாகவே பழுதானது. நாம் அதைத் தேடித் தேடிப் பெருக்கினோம். இன்று அந்த இனத்துக் கன்றுகளில் பெரும்பாலானவற்றை அறுவை செய்துதான் வெளியே எடுக்கிறார்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதை வைத்துச் சட்டம் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றிய பிறகு அந்த உயிர் எப்படி நாளைக் கழிக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மரபணு மாணவி:

டாக்டர் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வேகம் முக்கியம். 1980களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் மனித வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணுவைப் பன்றிகளில் வைத்தார்கள். கொழுப்பு குறைந்தது. கூடவே மூட்டுவாதம், வயிற்றுப்புண், மலட்டுத்தன்மை எல்லாம் வந்தன. கோழியில் 50 வருடமாக மெல்ல மெல்ல ஏறிய துன்பம் அங்கே ஒரே தலைமுறையில் வந்துவிட்டது. மெதுவாக நடந்தால் நடுவில் நிறுத்த ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. நிறுத்தினோமா என்று கேட்டுவிடாதீர்கள்.

கொட்டில்காரன்:

டாக்டர், தாய்க்கோழி பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு கோழி வகை உண்டு. 1980களில் அதை வைத்து ஆய்வு செய்தபோது அவை தீனி குறைவாகத் தின்றன, இறகும் நன்றாக இருந்தது. ஒன்றையொன்று கொத்திக்கொள்வது குறைந்ததுதான் காரணம். நெருக்கடியான பண்ணையில் கொத்திக் கொத்தியே சாகிற கோழிகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தடுக்கத்தான் குஞ்சிலேயே அலகை வெட்டுகிறார்கள்.

அப்படியானால் எல்லாப் பண்ணையிலும் குருட்டுக் கோழியாகவே வளர்த்துவிடலாமே? காயம் குறையும், தீனி மிச்சம், கோழிக்கும் அமைதி. கணக்குப்படி எல்லாருக்கும் லாபம். ஆனாலும் இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்புக்கு நியாயம் இருக்கிறதா, வெறும் அருவருப்புதானா?

தத்துவப் பூனை:

இதைத் தத்துவத் துறையில் பல வருடமாக அடித்துத் துவைத்திருக்கிறார்கள். பால் தாம்ப்சன் என்ற தத்துவவாதி இதற்குக் குருட்டுக் கோழிச் சிக்கல் என்றே பெயர் வைத்தார்.

பெர்னார்ட் ரோலின் ஒரு பக்கம். ஒவ்வொரு விலங்குக்கும் அதற்கே உரிய இயல்பு உண்டு, பன்றியின் பன்றித்தனம் மாதிரி. அந்த இயல்பை அடக்கி வைப்பது கொடுமை என்றவர் அவர். ஆனால் இயல்பையே மாற்றிவிட்டு, மாற்றிய விலங்கு முன்பைவிட மோசமாக இல்லாமல் இருந்தால் அதில் தனியாக ஒரு தவறும் இல்லை என்றும் அவரே சொன்னார். கூண்டில் அடைப்பது நின்றால்தான் நல்லது, நிற்காத பட்சத்தில் கூண்டில் சந்தோஷமாக இருக்கும் கோழி மேல் என்பது அவர் வாதம்.

எதிர்ப்பக்கத்தார் இதற்கு நல்ல பதில் சொல்வது கஷ்டம். குருட்டுக் கோழிக்கு எதை இழந்தோம் என்றே தெரியாது. பார்வை இருந்த ஒரு கோழியைப் பிடித்து யாரும் கண்ணைப் பிடுங்கவில்லை. பாதிக்கப்பட்டது யார் என்று கேட்டால் கை காட்ட ஆள் இல்லை. ஆகவே எதிர்ப்பவர்கள் பேச்சைக் கோழியிடமிருந்து நம் பக்கம் திருப்புவார்கள்: இப்படி ஒன்றைச் செய்யத் துணிகிற சமூகம் எப்படிப்பட்டது என்று. எனக்கு அந்த வாதம் பாதிதான் பிடிக்கும். கோழியின் கதையில்கூட நாமே நாயகர்களாகிவிடுகிறோம்.

நான் வேறு இடத்தில் பிடிப்பேன். குருட்டுக் கோழி, கொத்துவதை மட்டும்தான் குறைக்கிறது. இடமின்மை, காலில் புண், மண்ணைக் கிளறவோ தூசிக் குளியல் எடுக்கவோ முடியாமை எல்லாம் மிச்சம். ஒரு துன்பத்தை எடுத்ததும் அந்தப் பண்ணை முழுக்கச் சரியாகிவிட்டது போல ஒரு சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

கடைசி பெஞ்ச்:

அப்படியானால் வலியே தெரியாத கோழியைச் செய்துவிடலாமே. ஒரே அடியில் எல்லாம் தீரும்.

தத்துவப் பூனை:

கிண்டலுக்குச் சொல்கிறீர்கள், ஆனால் அதையும் எழுதிவிட்டார்கள். ஆடம் ஷ்ரைவர் என்ற தத்துவவாதி 2009 இல் இதை முன்வைத்தார். காலில் அடிபட்டது என்கிற உணர்வு ஒன்று, அது தாங்க முடியாமல் வாட்டுவது இன்னொன்று. மூளையில் இரண்டுக்கும் வழி வேறு. வாட்டுவதை மட்டும் எடுத்துவிட்டு, உணர்வை விட்டுவைக்கலாம் என்பது யோசனை. எலிகளில் சில நொதிகளை நீக்கிப் பார்த்த ஆய்வுகளைத்தான் அவர் ஆதாரமாக வைத்தார்.

கோழி டாக்டர்:

தத்துவமாகக் கேட்க நன்றாக இருக்கிறது. கொட்டகைக்குள் வந்து பார்க்க வேண்டும்.

ஒரு மாடு நொண்டுகிறது என்றால் எனக்கு அதுதான் செய்தி. நொண்டாத மாட்டின் குளம்பில் சீழ் பிடித்திருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆயிரக்கணக்கில் கோழி இருக்கும் கொட்டகையில் ஒதுங்கி நிற்கும் கோழியை, தின்னாமல் நிற்கும் கோழியை வைத்துத்தான் நோயைப் பிடிக்கிறோம். வலியின் வாட்டத்தை எடுத்துவிட்டால், நோய் இருக்கும், அறிகுறி இருக்காது. முதலில் தப்பிப்பவர் கவனிக்காத பண்ணைக்காரர்.

இன்னொரு விஷயம். வலி தெரியாத விலங்கை வெட்டவும் சுடவும் நெருக்கவும் யாருக்குத் தயக்கம் வரும்? இருக்கிற சட்டங்கள் எல்லாம் துன்பத்தை அடிப்படையாக வைத்து எழுதியவை. இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த பிராம்பெல் குழு 1965 இல் அறிக்கை கொடுத்தபோது, விலங்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. அவ்வளவுதான் கேட்டார்கள். அதையே இன்னும் பல இடங்களில் கொடுக்கவில்லை.

சைவப்பட்சி:

இத்தனை பேசுகிறீர்கள். வளர்ப்பதையும் தின்பதையும் நிறுத்தினால் கேள்வியே எழாதே? குருட்டுக் கோழியா பார்வையுள்ள கோழியா என்று யோசிப்பது, கைதிக்கு எந்த நிறச் சங்கிலி என்று கேட்பது போல இருக்கிறது.

கொட்டில்காரன்:

நிறுத்தினால் இந்தக் கேள்வி எழாது, சரி. உலகம் நாளைக் காலையில் நிறுத்தப் போவதில்லை. அதுவரை கொட்டிலில் நிற்கிறவற்றுக்கு என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. உங்கள் நிலைப்பாட்டை மதிக்கிறேன். தனியாக ஒரு இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

மாடிவீடு:

பண்ணை பற்றி எனக்கு அதிகம் தெரியாது, நகரத்துக் கொசுவுக்கு வருகிறேன். கொட்டில்காரன் ஐயா போகிற போக்கில் சாக்கடையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது அவ்வளவு நேர்கோடு கிடையாது.

இங்கே இரண்டு வழிகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று ஆக்சிடெக் நிறுவனத்தின் மரபணு மாற்றிய, டெங்கு பரப்பும் இனமான ஏடிஸ் கொசு. 2021 இல் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் விட்டார்கள், பிரேசிலிலும் விடுகிறார்கள். விடப்படுவது ஆண் கொசு, கடிக்காது. அதற்குப் பிறக்கும் பெண் கொசுக்கள் புழுப் பருவத்திலேயே செத்துவிடும். விடுவதை நிறுத்தினால் சில தலைமுறையில் அந்த மரபணு தானாக மறைந்துபோகும்.

இன்னொன்று வோல்பாக்கியா. பல பூச்சிகளுக்குள் இயல்பாக இருக்கும் பாக்டீரியா. அதை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அதற்குள் பெருகுவது குறைகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த பெரிய பரிசோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021 இல் முடிவு வந்தது. இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் தாய்க்கொசு வழியாக அடுத்தடுத்த தலைமுறைக்குப் பரவி, ஊரில் நிலைத்துவிடும். திரும்ப எடுப்பது சுலபமில்லை. பெண் கொசுவையும் விடுவதால் அது கடிக்கவும் செய்யும்.

மக்கள் எதற்குப் பயந்தார்கள்? தானாக மறைந்துபோகிற முதல் வகைக்குத்தான் ஃபுளோரிடாவில் பல வருடம் எதிர்ப்பு. நிலைத்து நிற்கிற இரண்டாவது வகை, மரபணு மாற்றம் என்கிற முத்திரை இல்லாததால் பல ஊர்களில் சுமுகமாக நுழைந்துவிட்டது. நான் இரண்டையுமே ஆதரிக்கிறேன். பயத்தை எங்கே வைப்பது என்பதில் நமக்குத் தெளிவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மரபணு மாணவி:

அருமை. திரும்ப எடுக்க முடியுமா என்பதைத்தான் முதல் கேள்வியாக வைக்க வேண்டும். ஜீன் டிரைவ் என்பதற்கு இது இன்னும் பொருந்தும். இயல்பாகப் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் ஒரு மரபணு வடிவம் போகும். ஜீன் டிரைவ் அதைக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போகச்செய்கிறது. 2018 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கூண்டில் வைத்திருந்த மலேரியாக் கொசுக் கூட்டம் 7 முதல் 11 தலைமுறைக்குள் முழுக்க அழிந்தது. வெளியுலகில் இன்னும் யாரும் விடவில்லை.

கொட்டில்காரன்:

என் வீட்டுக்கு மேலே பறக்கப் போகிற கொசுவுக்கு யாரிடம் அனுமதி கேட்பது? ஆஸ்பத்திரியில் மருந்துப் பரிசோதனை என்றால் கையெழுத்துப் போடலாம், வேண்டாம் என்று எழுந்தும் போகலாம். கொசு விடும் ஊரில் எழுந்து போக இடம் ஏது?

மாடிவீடு:

உண்மை. தனி ஆளின் சம்மதம் அங்கே சாத்தியமே இல்லை, ஊரின் சம்மதம்தான். அதிலும் ஊர் என்றால் யார் என்பது சிக்கல். புர்கினா ஃபாசோவில் டார்கெட் மலேரியா திட்டத்தார் பானா என்ற கிராமத்தில் பல வருடம் பேசிச் சம்மதம் வாங்கி, 2019 இல் மரபணு மாற்றிய மலட்டு ஆண் கொசுக்களை விட்டார்கள். 2025 ஆகஸ்டில் நாட்டின் அரசே அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. கிராமம் சரி என்றது, அரசு வேண்டாம் என்றது. கொசுவுக்குக் கிராம எல்லையும் தெரியாது, நாட்டு எல்லையும் தெரியாது.

ஆனால் ஐயா, தட்டின் மறுபக்கத்தையும் வையுங்கள். 2023 இல் மலேரியாவால் செத்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள். முதலில் வடிகால், வீட்டு வசதி, குழாய்த் தண்ணீர் எல்லாம் வரட்டும், அப்புறம் கொசுவைத் தொடலாம் என்று சொல்வது யாருடைய உயிரை வைத்து? கொட்டிலைத் திருத்து என்று பண்ணை முதலாளியிடம் சொல்வதும், சாக்கடையைத் திருத்து என்று ஏழை ஊரிடம் சொல்வதும் ஒன்றாகிவிடாது. முதலாளி பணம் மிச்சம் பிடிக்கத் திருத்தவில்லை. ஏழை ஊருக்குத் திருத்தப் பணமே இல்லை.

கொட்டில்காரன்:

இது நான் யோசிக்க வேண்டிய இடம். குறையை உண்டாக்கியவரும், திருத்தத்தால் லாபம் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என் சந்தேகம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொசு விஷயத்தில் கடி வாங்குகிறவருக்கே பலன் போகிறது. அங்கே சந்தேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், திரும்ப எடுக்க முடியுமா என்கிற கேள்வியை மட்டும் கடுமையாகக் கேட்டுக்கொண்டு.

மாடிவீடு:

நகரம் என்றால் எலியையும் விட்டுவிட முடியாது. எலிக்கு வைக்கிற விஷம் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் செய்கிற வகை. எலி பல நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். சாவதற்கு முன் தள்ளாடிக்கொண்டு திரியும் எலியை ஆந்தை பிடிக்கும். நியூயார்க்கில் உயிரியல் பூங்காவிலிருந்து 2023 இல் தப்பி ஒரு வருடம் ஊருக்குள் சுற்றிய ஃபிளாக்கோ என்ற பெரிய ஆந்தை 2024 பிப்ரவரியில் செத்தது. பரிசோதித்தால் உடம்பில் எலி விஷம், கூடவே புறாவிடமிருந்து தொற்றிய வைரஸ். அதன் பெயரிலேயே அந்த ஊர் மாமன்றம் ஒரு சட்டம் போட்டு, எலிக்குக் கருத்தடைத் தீனி வைத்துப் பார்க்கச் சொன்னது.

எலிக்குக் கருத்தடை என்றதும் சிரிப்பு வரும். பல நாள் ரத்தம் கசிவதைவிட மேல் இல்லையா? ஆனால் குப்பைப் பை தெருவில் திறந்து கிடக்கும்வரை எந்த மருந்தும் எலியை ஜெயிக்காது. இந்த ஒரு இடத்தில் கொட்டில்காரன் ஐயா கட்சிதான் நான்.

கோழி டாக்டர்:

மருந்து ஒரு இடத்தில் போட்டால் வேறு இடத்தில் வெடிப்பதற்குப் பாறுக் கழுகைவிடப் பெரிய சாட்சி கிடையாது. மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறையட்டும் என்று டைக்ளோஃபெனாக் ஊசி. எண்ணம் நல்லதுதான், விலங்கு நலம்தான். அந்த மாடு செத்தால் பிணத்தைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் போய்விடும். 1990களில் தொடங்கி இந்தியாவில் மூன்று பாறு இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004 இல்தான் பிடிபட்டது, 2006 இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நடுவில் பிணம் தின்ன ஆளில்லாமல் நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை மட்டும் இதனால் சுமார் 5 லட்சம் மனித உயிர் கூடுதலாகப் போயிருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் 2024 இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மெலாக்சிகாம் என்று பாறுக்குத் தீங்கில்லாத மாற்று மருந்து இருக்கிறது. முன்கூட்டியே யாராவது பாறுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் போதும். மாட்டு மருந்தை மாட்டிடம் மட்டும்தான் சோதித்தோம்.

கடைசி பெஞ்ச்:

மொட்டைமாடியில் நாட்டுக்கோழி வளர்த்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சொந்த முட்டை, சொந்த மனசாட்சி.

மாடிவீடு:

மண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சிட்னியில் வீட்டுக் கொல்லையில் வளரும் கோழிகளின் முட்டையைச் சோதித்தபோது, கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது என்று 2022 இல் வெளியானது. பழைய பெயின்ட்டும் பெட்ரோல் புகையும் மண்ணில் விட்டுப்போனதைக் கோழி கொத்தித் தின்கிறது. கோழிக்குச் சுதந்திரம் கொடுத்தாலும் நகரம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

மரபணு மாணவி:

முதல் கேள்விக்குத் திரும்ப வருகிறேன், இரண்டு உதாரணம் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் என்விரோபிக் என்று ஒரு பன்றி. தானியத்தில் உள்ள பாஸ்பரஸைப் பன்றியால் சரியாக ஜீரணிக்க முடியாது. அது சாணியோடு வெளியே போய் ஏரி, குளத்தைக் கெடுக்கும். ஆகவே அதன் எச்சிலிலேயே ஃபைட்டேஸ் நொதி சுரக்கும்படி மரபணுவை மாற்றினார்கள். வேலையும் செய்தது. ஆனால் அதே நொதியைத் தூளாகத் தீனியில் கலக்கலாம், ஏற்கெனவே கலந்துகொண்டும் இருந்தார்கள். 2012 இல் நிதி நின்றது, பன்றிகளைக் கொன்றுவிட்டார்கள். தீனியில் ஒரு கரண்டி தூள் போட்டால் முடிகிற வேலைக்கு ஒரு பன்றி வம்சத்தை உருவாக்கி அழித்தோம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் இஸ்ரேலிலிருந்து. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சுக்கு வேலை இல்லை என்று பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 700 கோடி என்கிறார்கள். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்துவிட்டது, அங்கே முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் வந்தன. இஸ்ரேலில் வேறு வழி. தாய்க்கோழியின் இசட் குரோமோசோமில், அதாவது குஞ்சு ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள குரோமோசோமில், திருத்தம் செய்திருக்கிறார்கள். தாயின் இசட் மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது. முட்டைமேல் நீல ஒளி பட்டால் ஆண் கரு ஆரம்பத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பொரிந்து முட்டையிடப் போகிற மகள்களிடம் திருத்தத்தின் தடயமே இருக்காது. இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

கோழி டாக்டர்:

அந்த இரண்டாவது எனக்கும் பிடித்தது. நோய் எதிர்ப்பு என்று வரும்போதுதான் எனக்குப் பயம். எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தார் பறவைக் காய்ச்சல் தொற்றாதபடி கோழியில் ஏஎன்பி32ஏ என்ற மரபணுவைத் திருத்தி 2023 இல் வெளியிட்டார்கள். இயல்பாகத் தொற்றும் அளவுக்கு வைரஸ் கொடுத்தபோது 10 இல் 9 கோழி தப்பித்தது. அளவைப் பெரிதாக ஏற்றியபோது பாதிக்குத் தொற்றியது. தொற்றிய கோழிகளில் வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு, அந்த மரபணுக் குடும்பத்தின் மற்ற இரண்டு உறுப்பினர்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. அந்த ஆராய்ச்சியாளர்களே நேர்மையாக எழுதிவிட்டார்கள்: ஒரு திருத்தம் போதாது, பல வேண்டும் என்று.

பாதி எதிர்ப்புள்ள கோழிகளைப் பத்தாயிரக்கணக்கில் ஒரே கூரைக்குள் வைத்தால் வைரஸுக்கு அது ஒரு பயிற்சிக்கூடம். நெருக்கம் அப்படியே இருக்க எதிர்ப்பை மட்டும் கொடுப்பதில் இருக்கிற ஆபத்து கோழியோடு முடிவதில்லை, நம் வீட்டு வாசல்வரை வரும்.

கொட்டில்காரன்:

அதனால்தான் எனக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் பிஆர்ஆர்எஸ் என்ற பன்றி நோய் தொற்றாதபடி சிடி163 மரபணுவைத் திருத்திய பன்றிக்கு அனுமதி கிடைத்தது. வைரஸ் உள்ளே நுழையும் கதவையே எடுத்துவிட்டார்கள். குட்டிகள் மூச்சுத் திணறிச் சாவதும் சினை கலைவதும் நிற்கும் என்றால் நான் ஏன் எதிர்க்க வேண்டும்? எதிர்க்கவில்லை. ஆனால் அனுமதிச் சீட்டில் பன்றியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறது. ஒரு பன்றிக்கு எத்தனை சதுர அடி என்றும் அதே சீட்டில் எழுதட்டும். திருத்திய விலங்கு வேண்டுமா, இடமும் கொடு. நோய் குறைந்ததால் கிடைக்கும் மிச்சத்தில் ஒரு பங்கு கொட்டிலுக்குப் போகட்டும். திருத்தத்துக்குப் பிறகு கூட்டம் கூடினால் அனுமதி ரத்து.

தத்துவப் பூனை:

யோசனை பிடித்திருக்கிறது, ஒரு ஓட்டை இருக்கிறது. திருத்தாத விலங்கை வைத்திருப்பவருக்கு எந்த நிபந்தனையும் இல்லையே? அவர் நெருக்கிக் கட்டி, நோயோடு வளர்த்து, மலிவாக விற்பார். நல்லது செய்ய வந்தவருக்கு மட்டும் அபராதம் மாதிரி ஆகிவிடும். டாக்டர் சொன்ன தாய்க்கோழி எந்தச் சீட்டிலும் வராமல் பசியோடு நிற்கும்.

கோழி டாக்டர்:

அப்படியானால் நிபந்தனையை விற்கிற இடத்தில் வையுங்கள். கலிஃபோர்னியாவில் 2018 இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அப்படித்தான். தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி கொடுக்காத பண்ணையின் இறைச்சியை அந்த மாநிலத்துக்குள் விற்க முடியாது, பண்ணை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. பன்றி வளர்ப்போர் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 மே மாதம் தோற்றது. திருத்திய பன்றி, திருத்தாத பன்றி என்ற பேச்சே அதில் இல்லை.

மரபணு மாணவி:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் செய்தவரின் தரவை வெளியாள் ஒருவர் அலசிப் பார்க்க வேண்டும், நிறுவனத்தின் செலவில், நிறுவனம் தேர்ந்தெடுக்காத ஆள். அந்தக் காளை விஷயத்தில் தரவு வெளியே கிடைத்ததால்தான் பிளாஸ்மிட் பிடிபட்டது.

கடைசி பெஞ்ச்:

24 சதுர அடியா? என் விடுதி அறையில் ஆளுக்கு அவ்வளவு வருமா என்று அளந்துவிட்டு வருகிறேன்.

கொட்டில்காரன்:

அளந்து போடு தம்பி. டாக்டர், விற்கிற இடத்தில் நிபந்தனை வைப்பதை ஏற்கிறேன், சின்னப் பண்ணைக்காரனுக்குக் கொட்டிலை மாற்ற அவகாசமும் கடனும் கூடவே வந்தால். இல்லாவிட்டால் பெரியவர்கள் ஒரே வருடத்தில் மாற்றிவிடுவார்கள், சின்னவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஐரோப்பாவில் 2012 இல் பழைய வகைக் கோழிக்கூண்டுகளைத் தடை செய்தபோது அவகாசம் 1999 இலிருந்தே கொடுத்திருந்தார்கள், அப்படியும் கடைசி நாளில் தயாராகாத நாடுகள் இருந்தன. உங்களில் யாருக்காவது அந்த மாற்றக் காலத்துச் செலவு எப்படிப் பங்கு போடப்பட்டது என்று விவரம் தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு இப்போது வேண்டியது அந்தக் கணக்குதான்.